அம்மனுக்கு எண்ணெய் ஆகாது

போன மாதம் தர்மபுரியில் பார்லர் நடத்தும் பெண்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடினோம். எனக்குச் சால்வை போட்டார்கள். பாலக்கோட்டில் இருபத்தெட்டு வருடம் கடை நடத்தி, தோள்பட்டை மக்கர் செய்ததால் மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சால்வை எதற்கு? அதை இழுத்துப் போர்த்திக்கொள்ளக்கூடத் தோள் வலித்தது. பந்தியில் உட்கார்ந்தபோது ஒரு சின்னப் பெண் பக்கத்து இலைக்கு வந்தாள். காரிமங்கலத்தில் புதிதாகக் கடை போட்டிருக்கிறாளாம்.

"அக்கா, ஓசூர்ல வேல செய்யற பசங்க லீவுக்கு வந்தா ட்ரெட்லாக்ஸ் போடுங்கன்னு கேக்கறாங்க. சாமியாருங்க சடை மாதிரி திரிதிரியா. போன வாரம் ஒருத்தனுக்குப் போட்டு வுட்டேன். முடி நூலாட்டம் மெல்லிசு. நாலாம் நாளே எல்லாம் கழண்டுபோச்சு. வூட்டுக்கே வந்து சண்ட போடறான். மெல்லிசு முடிக்கு அது நிக்குமாக்கா?"

"நிக்கும்" என்றேன்.

"நீங்க போட்டிருக்கீங்களா? யாருக்குக்கா? பாலக்கோட்லயா?"

ரசம் வந்துவிட்டது. நான் ரசத்தைக் குடித்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பந்தியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவளிடம் போனில் கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்கக்கா, எங்க ஊருல படிச்சாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்று சிரித்தாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் தொழில் கற்றது பெங்களூரில், எட்டு மாதம். கூட்டினேன், துண்டு துவைத்தேன், பிறகு தலை தொட்டேன். அவ்வளவுதான் அந்தக் கதை. ஆனால் எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கன்னடக்காரர், ஒல்லியான உருவம், குரல் உயரவே உயராது. கிடார் தூக்கிக்கொண்டு அலையும் பையன்களும் வெள்ளைக்காரப் பெண்களும் சடை போட்டுக்கொள்ள அவரைத் தேடி வருவார்கள். வந்தவுடன் தலையைத் தொட மாட்டார். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எப்படித் தூங்குவீர்கள், ஹெல்மெட் போடுவீர்களா, தலை வேர்க்குமா என்று விசாரிப்பார். பிறகு ஒரே ஒரு முடியைப் பிரித்தெடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவார். அது முடிந்தால் உச்சி, பிடரி, இரண்டு காதுகளின் பின்பக்கம் என்று தலை முழுக்க விரலாலேயே பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சீப்பு. நாங்கள் அவசரப்பட்டால், "நிதானா" என்பார். இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். சீப்பின் வால் நம் விரல் முட்டியில் விழும்.

மெல்லிய முடிக்கு அவர் வைத்திருந்த சட்டமே தனி. சின்னச் சின்னதாகப் பிரிக்காதே, தன் பாரத்தையே தாங்காமல் அறுந்துவிடும். எண்ணிக்கையைக் குறைத்துத் தடிமனாகப் போடு. வகிடு நேராக ஓடினால் மண்டை தெரியும், அதனால் செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றிப் பிரி. சீப்பை நுனிப் பக்கமிருந்து வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சிக்க வை. தப்பி நிற்கும் முடியைக் குரோஷா ஊசியால் உள்ளே இழு. உள்ளங்கையில் வைத்து உருட்டு. வேரை மட்டும் முறுக்காதே. முறுக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆறே மாதத்தில் அங்கே முடியே இருக்காது. அழுக்குத் தலைதான் சடையாகும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்களே, சுத்தப் பொய். பிசுக்கு இருந்தால் முடி வழுக்கிக்கொண்டு ஓடும், சுத்தமான முடிதான் ஒன்றையொன்று பிடிக்கும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்துச் சரிசெய்யவில்லை என்றால் போட்டதெல்லாம் வீண்.

இவ்வளவையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டுக்கு வந்து, உரக்கடை மாடியில் பார்லர் திறந்தேன். முதல் வாடிக்கையாளர் ஒரு டீச்சர். "புருவம் எடுக்கணும். ஆனா எடுத்த மாதிரி தெரியக்கூடாது" என்றார். இருபத்தெட்டு வருடமும் இதே பாட்டுத்தான். ஃபேஷியல் செய்ய வேண்டும், மாமனாருக்குத் தெரியக்கூடாது. முடி வெட்ட வேண்டும், வெட்டிய மாதிரி இருக்கக்கூடாது. அப்புறம் எதற்கம்மா வருகிறீர்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் கடை நடக்குமா? சடை போடும் வித்தை என் கையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது.

ஏழு எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதத் திங்கட்கிழமை பூங்கொடி படியேறி வந்தாள். மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு கிராமம், தக்காளி விவசாயம். மண்டியில் தக்காளி இறக்க வந்த கையோடு வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்று கேட்டாள்.

"எனக்குச் சடை வுழணுங்க. ஆனா நீங்க போட்டீங்கன்னு தெரியக்கூடாதுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு முடி தானாகச் சிக்கித் திரிதிரியாகத் தொங்கினால், சடை விழுந்துவிட்டது, அம்மன் இறங்கிவிட்டாள் என்பார்கள். அதன் பிறகு அந்தத் தலையில் சீப்பு வைக்கக் கூடாது. அவளைக் கைநீட்டி அடிக்கக் கூடாது. வாய்க்கு வந்தபடி ஏசக் கூடாது. வீட்டை விட்டு அனுப்பினால் வீட்டுக்கே ஆகாது. அதாவது சும்மாவே ஒரு மனுஷிக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் முடி சிக்கினால் கிடைக்கும்.

பூங்கொடிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மாமியார் முனியம்மா தன் தம்பி மகளைப் பிள்ளைக்கு இரண்டாம் தாரமாகக் கட்டி வைக்க முடிவு செய்துவிட்டார். ஆடித் திருவிழா முடிந்ததும் பூங்கொடியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. அம்மா வீட்டில் அம்மாவும் இல்லை, வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"மூணு மாசமா தலையில சீப்பே வெக்கலைங்க. இந்தப் பாழாப்போன முடி சிக்கவே மாட்டேங்குது. காலையில எந்திரிச்சா வழுவழுன்னு நிக்குது" என்றாள். அழுகிற மாதிரி இருந்தது.

"சாமி விஷயத்துல வெளையாடாதம்மா. என்னால ஆவாது. போய்ட்டு வா" என்று சொன்னேன். சொன்ன வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அவள் முடி ஒன்றைப் பிரித்து உருட்டிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம். மெல்லிசு என்றால் அப்படி ஒரு மெல்லிசு, இரு விரலுக்கு நடுவில் முடி இருக்கிறதா என்றே தெரியவில்லை. உட்கார வைத்துத் தலையைப் பார்த்தேன். உச்சி, பிடரி, வலது காதின் பின்பக்கம். இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றுவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இல்லை.

"இது என்னா?"

"புழுவெட்டுங்க."

"புழுவெட்டுன்னா வழவழன்னு இருக்கும். இங்க முடி பாதியில அறுந்து முள்ளு முள்ளா நிக்குது. தோலு வேற செவந்திருக்கு. யாரு புடிச்சு இழுத்தது?"

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வலது கைக்காரருங்க" என்றாள், அவருடைய படிப்பைச் சொல்வது மாதிரி.

எதிரில் நின்று வலது கையால் பிடித்தால் இடது காதுப்பக்க முடிதான் அகப்படும். வாரத்துக்கு ஐம்பது தலை பார்க்கிற என் கைக்கு அது புதிதில்லை. எத்தனை பேருக்கு ஒன்றும் கேட்காமல், அந்த இடம் தெரியாதபடி பின்னிவிட்டு அனுப்பியிருக்கிறேன்! அதை நினைத்தபோது ஆத்திரம் வந்தது, என் மேலேயே. சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று மேசை இழுப்பறையைத் திறந்து குரோஷா ஊசியைத் தேட ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமைக்கு மூன்று வீதம் மூன்று வாரத்தில் ஒன்பது சடை. அதற்கு மேல் போட அந்தத் தலையில் முடி இல்லை. மேடம் பார்த்திருந்தால் என் விரல் முட்டியைப் பெயர்த்திருப்பார். கோணல் மாணலாகப் பிரித்தேன். ஒன்று பெருவிரல் தடிமன், ஒன்று சுண்டுவிரல் தடிமன். நுனிகளைப் பிசிறடிக்க விட்டேன். கற்ற வித்தையை எல்லாம் கூட்டி, கற்காதவள் செய்த மாதிரிச் செய்வது லேசான வேலை இல்லை. இடது காதுப்பக்கச் சடையை மட்டும் நிதானமாகப் போட்டேன். காயம்பட்ட இடத்தைச் சுற்றி ஒரு விரல் தள்ளியே முடி எடுத்து, அந்த இடத்தின் மேல் விழுந்து மூடும்படி விட்டேன். வேரை முறுக்கவே இல்லை. வீட்டில் துணி கட்டிக் கொண்டைக்குள் மறைத்துக்கொண்டாள். மாமியார் கேட்டதற்குத் தலைவலி என்று சொன்னாளாம்.

ஆடி முதல் வெள்ளி. ஊர்க் கோவிலில் மேளம் உச்சத்தில் இருந்தபோது தலைத்துணியை அவிழ்த்து விட்டாள். நான் அங்கே இல்லை, அவள் சொல்லித்தான் தெரியும். மேளம் அடித்தவரே நிறுத்திவிட்டாராம். முதலில் காலில் விழுந்தது முனியம்மா.

"உங்க வூட்டுக்காரரு?" என்று பிறகு கேட்டேன்.

"கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம இடுப்புல கட்டிக்கிட்டு நின்னாருங்க. அந்தக் கைய நானு அப்பிடிப் பாத்ததே இல்ல."

கதை இதோடு முடிந்திருந்தால் நானே எனக்கு ஒரு சால்வை போட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. வியாழக்கிழமை ஓட்டமும் நடையுமாக வந்தாள். படியேறும்போதே நாற்றம் வந்துவிட்டது. புளித்த பால். துணியை அவிழ்த்தால், அடடா, ஒன்பதில் இரண்டு பாதிக்கு மேல் கழன்று தொங்குகிறது. மற்றதெல்லாம் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் விபூதியும் ஏறி, ஊறிப்போய்ப் பளபளக்கிறது.

"எண்ணெய் வெக்காத, எண்ணெய் வெக்காதன்னு தலதலயா அடிச்சிக்கிட்டேனா இல்லையா?" என்று கத்தினேன்.

"நான் எங்கங்க வெச்சேன்? அம்மனுக்கு வெக்கறாங்க. தினமும் வந்து ஊத்தறாங்க. ஞாயித்துக்கெழம அக்கம்பக்கத்து ஊருக்காரங்க எல்லாம் பாக்க வராங்களாம். அதுக்குள்ள கழண்டுச்சுன்னா என்னைய கொன்னே போட்ருவாங்க."

"எண்ணெய் வேண்டாம்னு அம்மனே சொல்ல வேண்டியதுதானே?"

சொல்லிவிட்டு நானே நின்றேன். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று தடவை அலசினேன். பிழிந்து, ஜன்னல் வெயிலில் உட்கார வைத்துக் காயவிட்டு, கழன்ற இரண்டையும் ஊசியால் மறுபடி பிடித்தேன். காய்கிற நேரத்தில், மேடம் எனக்குச் சொன்ன பராமரிப்புக் குறிப்புகளை அவளுக்கு ஒப்பித்தேன். "வேர்ப்பகுதியில் எண்ணெய்ப் பொருள்களைத் தவிர்க்கவும்." பூங்கொடி முகம் சுளித்தாள்.

"அம்மன் இப்பிடியெல்லாம் பேசாதுங்க" என்றாள். எழுந்து கண்ணாடி முன்னால் நின்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். "டேய்! எண்ணெய ஊத்தி என்னைய எரிக்கிறீங்களேடா! நானு கேட்டனாடா?" என்று போட்ட போட்டில், உரக்கடைக்காரர் கீழேயிருந்து என்னம்மா சத்தம் என்று குரல் கொடுத்தார். எனக்கே புல்லரித்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் உத்தரவுகளை வரிசையாகப் போட்டாள். எனக்கு எண்ணெய் ஆகாது. பால் ஆகாது. வாரத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஆகாது. ஈரத்தோடு என்னைக் கட்டி வைக்காதீர்கள், உச்சி வெயில் வரைக்கும் காய வையுங்கள். படுக்கும்போது பட்டுத்துணி வேண்டும். இந்தத் தலையில் தக்காளிக் கூடை ஏறக் கூடாது. திங்கட்கிழமை தோறும் பாலக்கோட்டுக்குத் தனியாகப் போய் வருவேன், என்ன ஏது என்று எவனும் கேட்கக் கூடாது.

மேடத்தின் சட்டம் முழுவதும் ஒன்று விடாமல் இறங்கிவிட்டது. பெங்களூரில் இதையே கைகூப்பிச் சொல்லி அனுப்புவோம், ஒருவர்கூடக் கேட்க மாட்டார்கள். இங்கே ஒரு ஊரே கேட்டது. மருமகள் கயிற்றுக் கட்டிலில் தலைவிரித்துப் படுத்திருக்க, மாமியார் பக்கத்தில் நின்று விசிறினாராம். கல்யாணப் பட்டுப்புடவையைக் கிழித்துத் தலைக்கட்டு செய்து கொடுத்தவரும் அவர்தான். கடைசியாக ஒரு உத்தரவு என் பட்டியலில் இல்லாதது, பூங்கொடியாகச் சேர்த்தது: "இந்தத் தலைமேல எவன் கையும் படக்கூடாது." இத்தனை வருடத்தில் நான் கேட்ட பராமரிப்புக் குறிப்புகளிலேயே அதுதான் உருப்படியானது.

ஆவணி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் ஒரு வயதான அம்மா படியேறி வருவது தெரிந்தது. "நான் முனியம்மா. மாரண்டஹள்ளிப் பக்கம்" என்றார். என் வாயிலிருந்த நூல் பட்டென்று அறுந்தது. அரைப் புருவத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு மீதியை எப்படி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் போகும்வரை அந்தம்மா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தம்பி பாத்தானாம். எம்மருமவ இந்தப் படியில ஏறுனாளாம்."

என்னைப் பற்றிக்கூடப் பயமில்லை. சாயங்காலம் அவள் அந்த வீட்டுக்குத்தானே போக வேண்டும்?

"ஒம்பது. நானு எண்ணிட்டேன். எந்தச் சாமி வாரத்துக்கு மூணுன்னு எண்ணிப் போடும்? அவ துணி கட்டுனதுலேர்ந்து திங்கக்கெழமைக்குத் திங்கக்கெழம கொண்டை பெருத்துச்சு, அப்ப புரியல, இப்பத்தான் புரியுது" என்றார்.

"ஆத்தா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்." தன் கொண்டையை அவிழ்த்தார். எண்ணிவிடலாம் போல வெள்ளை முடி, தோள்வரைக்கும். "எனக்குப் பதினொண்ணு போடு."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

"என்ன பாக்கற? நாப்பது வருசம் அந்த வூட்டுக்கு மாடா ஒழைச்சிருக்கேன். ஒருத்தன் எனக்கு விசிறி புடிச்சிருப்பானா? நேத்து வந்தவ, அவ கால்ல ஊரே வுழுவுது. எம்புள்ள அவளப் பாத்தா எந்திரிச்சு நிக்கறான். என்னையப் பாத்து எவன் எந்திரிச்சான்? போடு. அவளுக்கு ஒம்பதுன்னா எனக்குப் பதினொண்ணு."

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவரால்தானே ஒருத்தி நடுத்தெருவுக்கு வர இருந்தாள்! இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தலை தலைதான். ஒரு முடியைப் பிரித்து உருட்டினேன். உச்சி பார்த்தேன், பிடரி பார்த்தேன், காதோரம் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. அகலம்கூட அதேதான். ஆனால் இங்கே முள்ளு முடி இல்லை. பல வருடத்துக்கு முன்னாலேயே வேரோடு போய், தோல் தழும்பாகி இறுகியிருந்தது.

"உங்க வூட்டுக்காரரும் வலது கைக்காரருங்களா?" என்று கேட்டேன்.

அந்தம்மா விரித்த முடியைக் கையால் அள்ளி அந்த இடத்தை மூடிக்கொண்டார்.

"அவரு செத்துப் பதினாறு வருசமாச்சு" என்றார்.

"உங்க முடி பதினொண்ணு தாங்காதுங்க ஆத்தா. உங்க வூட்லயே அம்மன் இருக்கு. அது உத்தரவு குடுக்கட்டும், போட்டு வுடறேன்."

முறைத்தார். கொண்டையை முடிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள், மருமகள் முன்னால், மாமியார் பின்னால், பையைத் தூக்கிக்கொண்டு.

"என்ன உத்தரவு?" என்றேன்.

"பதினொண்ணு வேண்டாங்களாம். ஒண்ணே ஒண்ணு" என்றாள் பூங்கொடி. மாமியாரின் இடது காதுப்பக்கம் தன் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க. இந்த எடத்த மூடற மாதிரி." அவளுக்கு அந்த இடம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாக மாமியாருக்குத் தலையில் எண்ணெய் வைத்தவள் அவள்தானே.

இருந்த முடியை எல்லாம் திரட்டிச் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு சடை போட்டுவிட்டேன். இரண்டாம் தாரப் பேச்சு அதோடு நின்றது. தம்பி தன் மகளைக் கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாராம். ஒரு அம்மன் இருக்கிற வீட்டுக்கே யோசித்துத்தான் பெண் கொடுப்பார்கள். இரண்டு அம்மன் இருக்கிற வீட்டுக்கு எவன் கொடுப்பான்?

மூன்று வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை பூங்கொடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடுத்துருங்கக்கா. அம்மன் மலையேறிடுச்சுன்னு ஊருல சொல்லிட்டேன். கோயில்ல குடுக்கணும், ஒண்ணொண்ணா வெட்டித் துணியில வெய்ங்க" என்றாள்.

"உங்க மாமியாரு?"

"அவுங்க எடுக்க மாட்டாங்களாம். அவுங்களுக்கு வெச்சிருக்கற விசிறிய நான்தான் புடிக்கறேன்."

"அவரு? கை நீட்டற பழக்கம்?"

"மறந்துட்டாருங்க. ஞாபகம் வந்துச்சுன்னா மறுபடி வரேன். முடி வளரத்தானே போவுது."

எட்டு சடையை வெட்டி வைத்தேன். கடைசியாக இடது காதுப்பக்கத்துப் பெரிய சடை, இறுகிய பிறகு நான் தூக்கிப் பார்க்காத சடை. அதைத் தூக்கிப் பிடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் விரலால் அந்த இடத்தைத் தேடினேன். அகப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். முடி முளைத்திருந்தது. அதே மெல்லிசு முடிதான், பூனைக்குட்டி முடி மாதிரி, ஆனால் இடம் முழுக்க இருந்தது. அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். தடவிப் பார்த்தாள். நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

வேர்ப்பக்கம் மூன்று வருடத்தில் புதிதாக வளர்ந்ததை விட்டுச் சடையை மட்டும் வெட்டியதில், கழுத்தளவுக்குத்தான் முடி மிச்சம். வழக்கம்போலச் சொன்னேன்: "ஒண்ணும் கவலப்படாத. வெட்டுன மாதிரியே தெரியாம, இழுத்துச் சின்னக் கொண்டையாப் போட்டு அனுப்பறேன்."

"வேண்டாங்கக்கா" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. "கீழ லைனா வெட்டி, ஒரு பக்கமா எடுத்து, நல்லா ஸ்டைலா வுடுங்க. பார்லருக்குப் போயிட்டு வந்த மாதிரி தெரியணும்."

இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.